கடலண்ணாச்சிக்கு மூன்று நாள் துட்டி

எண்பதைத் தாண்டியும் பல்லும் ஞாபகமும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிற சங்கரன்கோவில்காரர்களே, உங்களை ஒன்று கேட்க வேண்டும். ஒரு வருஷம் ஆடித்தபசு அன்று, ஊரே கோமதியம்மனைப் பார்க்க ஓடிக்கொண்டிருந்தபோது, மேல ரத வீதியில் ஒரு வீட்டு வாசலில் மட்டும் துட்டி நடந்ததே, நினைவிருக்கிறதா? துட்டி என்றால் என்ன என்று என் பேத்தி கேட்டாள். சாவு வீட்டில் துக்கம் விசாரிக்கிறது என்று சொன்னேன். செத்தது யார் என்றாள். ஜெர்மன்காரர், சண்டைக் காலத்தில் முங்குக் கப்பலுக்கு, அதான் நீர்மூழ்கிக்கு, கேப்டனாக இருந்தவர், எங்கள் சித்திக்கு அண்ணன் என்றேன். அன்றிலிருந்து அவள் என்னை ஒரு தினுசாகப் பார்க்கிறாள். டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போவதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வீடு எங்கள் வீடு. அப்பா தாலுகா ஆபீசில் கிளார்க். அப்பாவுக்கு ஒரே தம்பி, எங்கள் சித்தப்பா. தண்ணீருக்கே வானத்தைப் பார்க்கிற ஊரில் பிறந்த அந்த மனுஷனுக்குக் கடல் மேல் எப்படி ஆசை வந்ததோ தெரியவில்லை. தூத்துக்குடிக்குப் போனார், கொழும்புக்குப் போனார், கடைசியில் ஒரு வெள்ளைக்காரச் சரக்குக் கப்பலில் ஸ்டோர் கிளார்க்காக ஏறிவிட்டார். கல்யாணம் ஆன இரண்டாவது வருஷம் அது. சித்தி எங்களோடுதான் இருந்தாள்.

சண்டை நடுவில் ஒருநாள் தந்தி வந்தது. கப்பல் மூழ்கிவிட்டது, தப்பியவர் பற்றித் தகவல் இல்லை என்று கப்பல் கம்பெனி அடித்திருந்தது. எனக்கு அப்போது நாலு வயசு, அதனால் இதெல்லாம் அம்மா பிற்பாடு சொல்லித் தெரிந்ததுதான். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று அம்மா சொன்னாளாம். அப்பா கேட்கவில்லை. அவருடைய உலகத்தில் அச்சடித்த தாளில் வருவது பொய்யாக இருக்க முடியாது. பதினாறாம் நாள் கருமாதி நடந்தது. சித்தியின் தாலி இறங்கியது. அவள் அழவே இல்லை என்று கண்டு, அழச் சொல்லி நாலு பொம்பிளைகள் அவளை உலுக்கி எடுத்தார்களாம். அப்புறம்தான் அழுதாளாம்.

தந்தி வந்த நாற்பதாம் நாள் சித்தப்பா ரயிலில் வந்து இறங்கினார்.

எனக்கு நேரடியாக ஞாபகம் இருப்பது இங்கிருந்துதான். முற்றத்தில் ஒட்டிப்போன கன்னமும் தாடியுமாக ஒரு ஆள் நிற்கிறார். உதடு வெடித்திருக்கிறது. அம்மா ஒப்பாரி வைக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள். புரோகிதர் வந்து கையைப் பிசைகிறார். கருமாதி முடிந்த ஆளை அப்படியே வீட்டுக்குள் விட முடியாதாம். புதுசாய்ப் பிறந்த மாதிரிக் குளிப்பாட்டி, தொட்டிலில் போட்டு, பேர் வைத்து, அதன் பிறகு பெண்டாட்டிக்கு மறுபடி தாலி கட்ட வேண்டுமாம். வீட்டில் இருந்தது என் தம்பியின் சேலைத் தொட்டில் ஒன்றுதான். முப்பது வயசு ஆம்பிளை அதில் எப்படிப் படுப்பார்? இடது காலை மட்டும் உள்ளே வைத்து எடுத்தார். என் தம்பி தன் தொட்டிலைப் பிடுங்கிவிட்டார்கள் என்று வீரிட்டு அழுதான். அதே பழைய பேரையே திரும்ப வைத்தார்கள்.

தாலி கட்டுகிறபோது ஒரு சிக்கல் வந்தது. பெண்ணின் கையில் பொரி போடுவதற்கு உடன்பிறந்தான் வேண்டும். சித்திக்கு உடன்பிறந்தார் கிடையாது. முதல் கல்யாணத்தில் அவளுடைய பெரியப்பா மகன் மேலநீலிதநல்லூரிலிருந்து வந்து போட்டிருந்தான். தாலி அறுத்தவளுக்குத் திரும்பப் பொரி போடுவது தனக்கு ஆகாது என்று இந்தத் தடவை அவன் வர மறுத்துவிட்டான். அப்போது சித்தி, ஒரு மணையைப் பக்கத்தில் போடச் சொன்னாளாம். யாருக்கு என்று கேட்டதற்கு, தண்ணீர் கொடுத்தாரே, அவருக்கு என்றாளாம்.

அது என்ன கதை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் நாவிதர் கடையிலிருந்து பூக்கட்டுகிற இடம் வரைக்கும் அடிபட்ட கதை. ஆனாலும் சித்தப்பா சொல்வது போலச் சொல்கிறேன். பட்டப்பகலில் கப்பலில் அடி விழுந்தது. கால் மணி நேரத்தில் கப்பல் போய்விட்டது. என்ஜின் ரூமில் இருந்த யாரும் மேலே வரவில்லை. இரண்டு படகில் மிச்சப் பேர் மிதந்துகொண்டிருந்தபோது கடல் பொங்கி அந்த முங்குக் கப்பல் எழுந்து வந்ததாம். சுட்டுத் தள்ளப் போகிறான் என்று எல்லாரும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். மூடியைத் திறந்துகொண்டு தாடி வைத்த ஒருவர் வந்தார். சாயம் போன சட்டை, தலையில் வெள்ளைத் தொப்பி. எத்தனை பேருக்குக் காயம் என்று இங்கிலீஷில் கேட்டார். துணிக்கட்டு, தகர டப்பாவில் ரொட்டி, இரண்டு பெரிய பாத்திரம் தண்ணீர் எல்லாம் இறக்கிக் கொடுத்தார். கரை எந்தப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்டினார். பிறகு தொப்பிக்கு நேராகக் கையை வைத்துவிட்டு உள்ளே போனார். கப்பல் முங்கிவிட்டது. அந்தத் தண்ணீரில்தான் பத்து நாள் உயிரோடு கிடந்தோம் என்பார் சித்தப்பா.

இவ்வளவுதான் சித்தப்பா சொன்னது. ஊர் விடுமா? ஆறு மாசத்தில் அந்தக் கேப்டனுக்கு ஏழடி உயரம் வந்துவிட்டது. அவர் காட்டிய திசையில் அம்மன் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றதாக ஒரு பூக்காரம்மா சொல்லித் திரிந்தாள். நாமெல்லாம் குளத்து அடிமடையில் நின்று முங்குக் கப்பல் விளையாடினோமே, மறந்துவிட்டதா? யார் கேப்டன் என்று சண்டை போட்டுக்கொள்வோம். கப்பலில் இருப்பவர்களாக நடிக்க ஆள் கிடைக்காது. கப்பல் எப்படி முங்கும், எப்படி எழும் என்று நான் தொளைத்து எடுத்ததில், சித்தப்பா ஒரு செம்பைக் கவிழ்த்து அண்டாத் தண்ணீரில் அமுக்கிக் காட்டினார். சாய்த்தால் குபுகுபுவென்று தண்ணீர் ஏறி அடியில் போய் உட்காரும். அந்தச் சத்தத்தைக் கேட்கவே நாள் முழுக்க அண்டாவைக் கட்டிக்கொண்டு கிடந்து அடி வாங்கியிருக்கிறேன்.

ரொட்டி வந்த தகர டப்பாவைச் சித்தப்பா கொண்டுவந்திருந்தார். பச்சைப் பெயின்ட், மேலே புரியாத எழுத்து, ஒரு மூலையில் துரு. சித்தி அதைச் சாமி அலமாரியில் வைத்து, உள்ளே கோவில் புற்றுமண்ணைப் போட்டு வைத்திருந்தாள். எங்களுக்குக் கட்டி வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அந்த டப்பாதான் திறக்கும். திறந்தால் மண்வாசனையோடு இரும்பு வாசனையும் வரும். பிற்பாடு வீட்டை விற்கும்போது அது எந்தச் சாக்குக்குள் போனதோ தெரியவில்லை. இப்போதும் எனக்கு அந்த டப்பாவை நினைத்தால் வருத்தம்தான்.

உடன்பிறந்தானுக்கு மணை போட்ட அன்றிலிருந்து சித்தி அவரைக் கடலண்ணாச்சி என்றே சொல்வாள். கார்த்திகைக்கு ஒரு விளக்கு, பொங்கலுக்கு ஒரு இலை என்று அவருக்குத் தனியாக உண்டு. ஆடி பிறந்து கோவிலில் கொடியேறினால், அவர் பேரில் நூற்றியொரு சுற்று. ஆடிச்சுற்று சுற்றாத வீடு நம் ஊரில் ஏது? தபசில் ஒற்றைக்காலில் நிற்கிற அம்மனுக்குக் கால் வலிக்கும், நாம் சுற்றினால் அந்த வலியில் கொஞ்சம் நம் காலுக்கு வரும் என்பார்கள். சித்தி சுற்ற, நான் கூடவே நடந்து சுற்றுக்கு ஒரு புளியமுத்தை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றுவேன். அப்பாவுக்கு இதில் எதுவும் பிடிக்காது. கப்பலை முக்கினவனே அவன்தானே என்பார். நியாயமான கேள்விதான். சித்தி அவருக்கு முன்னால் வந்து பதில் சொல்லமாட்டாள். அந்தக் காலத்தில் புருஷனுக்கு மூத்தவர் முன்னால் நின்று பேசுகிற வழக்கமே கிடையாது. அடுக்களைக்குள் அம்மாவிடம் மட்டும் சொல்வாள், "கப்பலை முக்குனது அவர் பாக்குற வேலைக்காக. தண்ணி குடுத்தது அவரா நெனைச்சுக் குடுத்தது."

இப்போது அந்த ஆடிக்கு வருகிறேன். சண்டை முடிந்து சில வருஷம் ஆகிவிட்டது. சுதந்திரமும் வந்துவிட்டது. சித்தப்பா ரயில்வே ஸ்டேஷனில் சரக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எனக்குப் பத்து வயசு. எங்கள் வீட்டில் பெரிய கவலை அக்காவின் கல்யாணம். ஜாதகத்தில் செவ்வாய் எங்கேயோ உட்காரக்கூடாத இடத்தில் உட்கார்ந்துவிட்டதாம். மூன்று இடம் வந்து திரும்பிப் போயிருந்தது. நாலாவதாகப் புளியங்குடியிலிருந்து ஒரு எலுமிச்சை மண்டிக்காரர் வீட்டு ஜாதகம் பொருந்தியது. தபசு பார்க்க வருகிற சாக்கில் வந்து பெண்ணையும் பார்த்துவிட்டுப் போவதாகச் சொல்லியனுப்பினார்கள். நம் ஊரில் எத்தனை கல்யாணம் அப்படி முடிந்திருக்கிறது! அம்மா ஒரு வாரம் முன்பே சுவரெல்லாம் வெள்ளையடித்து, பித்தளையெல்லாம் புளி போட்டு விளக்கினாள். அக்கா கண்ணாடியை விட்டு நகரவில்லை. இதுவும் தட்டிப்போனால் அடுத்து ஜாதகத்தைக் கையில் எடுக்கவே ஆள் இருக்காது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

தபசுக்கு முந்தின நாள் சாயங்காலம். ஆடிக்காற்று வெளிப்பிரகாரத்தில் மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. சித்தி எழுபது சுற்று முடித்திருந்தாள். கொடிமரத்துப் பக்கம் சித்தப்பா கையில் ஒரு கடுதாசியோடு நின்றார். சித்தப்பா போன சரக்குக் கப்பலுக்குக் கேப்டனாக இருந்த வெள்ளைக்காரர் எழுதியது. சண்டைக்குப் பிறகு அந்த இரண்டு கேப்டன்களும் ஒருவருக்கொருவர் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்களாம். ஜெர்மன்காரர் கைதியாக இருந்துவிட்டு ஊர் திரும்பி, ஒரு மரக்கடையில் வேலை பார்த்து, நெஞ்சு நோயில் போய்விட்டாராம். கடைசிவரைக்கும் அந்தப் படகுகளில் இருந்தவர்களைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தாராம்.

சித்தப்பா இதை மெதுவாகத்தான் சொன்னார். சித்தி கேட்டாள். கேட்டு முடித்ததும் கோவிலை விட்டு வெளியே வந்துவிட்டாள். தீட்டு வந்துவிட்டதாம், இனி உள்ளே நிற்கக்கூடாதாம். நான் பின்னாலேயே ஓடி, இன்னும் முப்பத்தியொன்று இருக்கிறது என்று இடது கையைக் காட்டினேன். அவள் என் கையைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தவள் கிணற்றடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச்சேலையோடு பின்கட்டில் போய் உட்கார்ந்தாள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு உடன்பிறந்தான் செத்தால் மூன்று நாள். தலை முடியவில்லை, குங்குமம் வைக்கவில்லை, சோறு வேண்டாம் என்றுவிட்டாள். அம்மாவுக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. ஒரே வாசல், ஒரே அடுப்பு. மறுநாள் பெண் பார்க்க வருகிற வீட்டில் ஒருத்தி துட்டி காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வருகிறவர்கள் வாசல் மிதிப்பார்களா? என் பிள்ளை வாழ்க்கையைக் கெடுக்க எங்கேயோ கிடந்த வெள்ளைக்காரன் செத்தானா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா ஒரு மூலையில் சுருண்டு அழுதாள். அக்கா அழுததைப் பார்த்து எனக்கும் சித்தி மேல் ஆத்திரம்தான் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

அப்பா ஆபீசிலிருந்து வந்தார். முதலில் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டார். நீயாவது எடுத்துச் சொல்லக்கூடாதா என்று கேட்டார். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "என்ஜின் ரூம்ல எங்கூட்டாளி ஒருத்தன் இருந்தான் அண்ணாச்சி, காயல்பட்டணத்துக்காரன். அவனை நெனச்சா எனக்கு இவருக்காக அழ முடியலை. தண்ணியை நெனச்சா அழாம இருக்கவும் முடியலை. நான் அவளுக்கு என்னத்தச் சொல்ல?"

அப்பா பின்கட்டு வாசலுக்குப் போய், நேராகப் பேசாமல், சுவரைப் பார்த்துப் பேசினார். செத்தவர் உறவும் இல்லை, முறையும் இல்லை. மூன்று நாள் காக்க வேண்டும் என்றால் நாளை மறுநாள் தொடங்கிக் காக்கட்டும், யாரும் தடுக்கப்போவதில்லை. நாளைக்கு ஒரு பொழுது தலையை முடிந்துகொண்டு முன்கட்டுக்கு வந்து நின்றால் போதும், வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவேண்டாம். எல்லாம் சாந்தமாகத்தான் சொன்னார். ஒரு மனுவை ஒத்திவைக்கிற மாதிரிதான் சொன்னார்.

சித்தி எழுந்து நிலைப்படிக்கு வந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அப்பா முகத்தைப் பார்த்துப் பேசியதை நான் அதற்கு முன்னால் கண்டதே இல்லை.

"அத்தான், அன்னைக்கு உசுரோட இருந்தவருக்கு என்னைய அழச் சொன்னிய. அழுதேன். இன்னைக்கு நெசமாவே செத்துப்போனவருக்கு அழக்கூடாதுங்கிய. நான் எப்ப அழணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்க, அதுபடிக்கு நடந்துக்கிடுதேன்."

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். விளக்கு வைத்த பிறகுதான் திரும்பி வந்தார்.

மறுநாள் தபசு. குருவிகுளம் பக்கத்திலிருந்து சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியும் மிளகாய் வற்றலும் அம்மனுக்கு வாரி இறைத்துச் சூறைவிட மூட்டையாகக் கட்டிக்கொண்டு விடியக்காலையிலிருந்தே நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். மேளச்சத்தமும் சீனிமிட்டாய் வாசனையும் தெருவெல்லாம் நிறைந்திருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் யாரும் கோவிலுக்குப் புறப்படவில்லை. அக்காவுக்குத் தலை பின்னிவிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் அம்மா சீப்பை வைத்துக்கொண்டு நின்றாள். மத்தியானம் தாண்டிப் புளியங்குடிக்காரர்கள் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அத்தை, கூட ஒரு வயசானவர். கையில் தாம்பாளத்தில் பூவும் எலுமிச்சம்பழமும்.

அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். வாங்க என்று சொல்வார் என்று நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் சேர்த்து முன்னால் நீட்டினார். துட்டி வீட்டில் வருகிறவர்கள் தொட்டு விசாரிப்பதற்கு நீட்டுவார்களே, அந்த மாதிரி. வந்தவர்கள் திகைத்துப்போனார்கள். அத்தை சட்டென்று தாம்பாளத்தைச் சேலைத் தலைப்பால் மூடினாள். மாப்பிள்ளையின் அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து, அப்பாவின் கையைத் தொட்டு, போனது யார் என்று கேட்டார்.

"எனக்கு மச்சான் முறை. எந்தம்பி சம்சாரத்துக்குக் கூடப்பொறந்தவரு."

எந்த ஊர் என்று கேட்டார். வெளியூர், கப்பலில் வேலை என்றார் அப்பா. என்ன வயசு இருக்கும் என்று கேட்டதற்கு, தெரியாமல் கொஞ்சம் திணறிவிட்டு, சாகிற வயசு இல்லை என்றார். பின்கட்டில் சித்திக்கு இதெல்லாம் கேட்டது. நேற்றிலிருந்து கல்லாக உட்கார்ந்திருந்தவள், அண்ணாச்சி என்று ஒரு குரல் எடுத்தாள் பாருங்கள், தெருவில் போன மேளமே நின்றுவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. அம்மா ஓடினாள். திட்டத்தான் ஓடுகிறாள் என்று நினைத்தேன். போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அம்மாவும் அழுதாள்.

வந்தவர்கள் முடிவாக ஒரு வார்த்தையும் சொல்லாமல் புறப்பட்டார்கள். துட்டிக்கு வந்தவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது வழக்கம்தான். ஆனால் இவர்கள் வழக்கத்துக்காகப் பேசாமல் போகிறார்களா, சகுனம் சரியில்லை என்று போகிறார்களா, யாருக்குத் தெரியும்? அம்மா அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தாள். அக்கா நகையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அன்றைக்குச் சுவாமி அம்மனுக்குக் காட்சி கொடுத்ததை நான் பார்க்கவில்லை. வெடிச் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலை முதல் புளியங்குடி பஸ்ஸில் ஒரு ஆள் இறங்கி எங்கள் வீட்டைக் கேட்டுக்கொண்டு வந்தார். தலையில் பெரிய பித்தளைப் போணி, கையில் ஒரு தூக்குவாளி. சோறு, பருப்பு, ரசம். மண்டிக்காரர் வீட்டில் கொடுத்துவிட்டார்கள் என்று இறக்கி வைத்தார். அடுப்பு எரியாத துட்டி வீட்டுக்குச் சோறு கொடுத்துவிடுவது சம்பந்தி வீட்டார் செய்கிற முறை. வேறு யாரும் செய்வதில்லை. அம்மா போணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டாள். அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

அப்பா தாமே ஒரு வாழையிலையை எடுத்துத் துடைத்தார். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் அவர் இலை போட்டு யாரும் சாப்பிட்டதில்லை. பின்கட்டுக்குக் கொண்டுபோய் சித்திக்கு முன்னால் விரித்தார். சோற்றை அவரே அள்ளி வைத்தார், கை பழக்கமில்லாமல் பாதி தரையில் சிந்தியது. சித்தி எழுந்து ஒதுங்கப் போனாள்.

"உக்காரும்மா. சாப்பிடு," என்றார் அப்பா. போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "அன்னைக்கு இன்னும் ஒரு மாசம் நான் பொறுத்திருக்கணும்."

சித்தி தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவள் மூன்றாவது கவளம் எடுக்கிற வரைக்கும் அப்பா அந்த இடத்தை விட்டு நகரவில்லை.